அப்பா விட்டுப்போன துப்பாக்கிக்கு யார் விலை போடுவது?

தம்பி, நீங்கள் எழுதியதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த உங்கள் அப்பா காலமாகி 3 மாதம் ஆகிறது. டவுனில் வாங்கிய வீடு, பேங்க் கணக்கு, பழைய கார், இவற்றோடு அவர் பெயரில் லைசென்ஸ் உள்ள இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கி ஒன்றும் அரைப் பெட்டித் தோட்டாவும் வீட்டு இரும்பு அலமாரியில் இருக்கின்றன. உயில் எழுதி வைக்கவில்லை. சொத்துப் பட்டியல் தயார் செய்யும் வக்கீல், துப்பாக்கிக்கு என்ன விலை போடுவது என்று கேட்கிறார். அண்ணனோ அது 500 வெள்ளிகூட (ரிங்கிட்) பெறாது, என்னிடமே இருக்கட்டும் என்கிறார். லண்டனில் இருக்கும் அக்காள், ஆங்கிலேயத் துப்பாக்கி பல ஆயிரம் போகும், வரிக் கணக்குக்கு மதிப்பீட்டுச் சான்றிதழ் கட்டாயம் வேண்டும் என்கிறார். 'ஈப்போவுக்கு எடுத்துக்கொண்டு போய் யாரிடம் காட்டுவது' என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கேள்வியில் மூன்று விஷயங்கள் கலந்திருக்கின்றன. வரி உண்டா, விலை எவ்வளவு, அந்தத் துப்பாக்கி இன்றைக்கு யார் கையில் இருக்கலாம். நீங்கள் முதல் இரண்டைக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மூன்றாவதுதான் அவசரமாகத் தெரிகிறது. உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடையில் 27 ஆண்டுகள் பழுது பார்ப்பவனாக வேலை செய்தேன். கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளில், இறந்தவர்களின் துப்பாக்கிகளைப் பார்த்து வக்கீல்களுக்கு விலைக் கடிதம் தயார் செய்ததும் நான்தான். கையெழுத்து முதலாளியுடையது, பார்வை என்னுடையது. சட்டம் படித்தவன் இல்லை நான். ஆகவே சட்டம் பற்றி நான் சொல்வதை உங்கள் வக்கீலிடம் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி பற்றிச் சொல்வதற்கு நான் பொறுப்பு.

எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இதுதான் முதல் பதில். லைசென்ஸ் உங்கள் அப்பா என்ற ஒரு மனிதருக்குக் கொடுக்கப்பட்டது. வீட்டுக்கோ குடும்பத்துக்கோ கொடுத்தது அல்ல. நிலப் பட்டா போல அது பிள்ளைக்கு இறங்காது. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. அந்தச் சட்டம் 'ஆயுதம்' என்று சொல்வதற்குள் துப்பாக்கியின் பாகங்களும் காற்றுத் துப்பாக்கியும்கூட அடங்கும். குழலை மட்டும் கழற்றிப் பையில் போட்டு எடுத்துப் போகிறேன் என்றாலும் அதே கதைதான். 1971-ஆம் ஆண்டின் சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டம் இன்னும் கடுமையானது. சட்ட விரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டுகள் வரை சிறை, அதோடு ஆறுக்குக் குறையாத பிரம்படி என்று அதில் எழுதியிருக்கிறது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. தானே முன்வந்து விஷயத்தைச் சொன்ன குடும்பத்தைப் போலீஸ் குற்றவாளியாக நடத்தி நான் பார்த்ததே இல்லை. ஆனால் சாலைத் தடுப்பில் காரின் பின்பக்கத்தில் இருந்து துப்பாக்கி வெளியே வந்தால், 'விலை கேட்கப் போனேன்' என்று விளக்குவதற்கு அது நல்ல இடம் இல்லை. ஒரு பையன் இறந்த தாத்தாவின் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் குறுக்கே கட்டிக்கொண்டு எங்கள் கடை வாசலில் வந்து நின்றான். உள்ளே ஒரு தோட்டா அப்படியே இருந்தது. அதைக் கழற்றும்போது என் கை நடுங்கியதை இன்றும் மறக்கவில்லை.

ஆகவே நாளைக் காலையில் மாவட்டப் போலீஸ் தலைமையகத்துக்கு வெறுங்கையோடு போங்கள். இறப்புச் சான்றிதழ், அப்பாவின் துப்பாக்கி லைசென்ஸ், உங்கள் அடையாள அட்டை (ஐசி), இவை மூன்றும் போதும். லைசென்ஸ்காரர் இறந்துவிட்டார், துப்பாக்கி இன்ன இடத்தில் பூட்டி இருக்கிறது, தோட்டா இத்தனை இருக்கிறது என்று சொல்லி ஒரு புகார் பதிவு செய்யுங்கள். 3 மாதம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். நான்காவது மாதம் ஆவதைவிட இன்றைக்குச் சொல்வது மேல். அவர்களே வந்து எடுத்துப் போவார்களா, உங்களைக் கொண்டுவரச் சொல்வார்களா, உரிமம் பெற்ற கடையில் வைக்கச் சொல்வார்களா என்பது அவர்கள் முடிவு. எது சொன்னாலும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்படைத்ததற்கான ரசீதில் துப்பாக்கியின் தொடர் எண் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். அந்த ரசீது உங்கள் சொத்துக் கணக்கில் ஒரு முக்கியமான தாள். அதுவரை அலமாரியைப் பூட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுங்கள். யாரும் எடுத்துப் பார்க்கவோ துடைக்கவோ வேண்டாம்.

நம் ஆட்கள் ஏன் இதைச் செய்யத் தயங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் ஊரில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 1948 ஜூன் 16-ஆம் தேதி உங்கள் ஊர்ப் பக்கத்து எல்ஃபில் தோட்டத்தில் வெள்ளைக்கார மேலாளரான துரை சுடப்பட்டதோடு, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேய அரசு கொண்டுவந்த அவசரகாலம் தொடங்கியது. அடுத்த ஆண்டு மே 4-ஆம் தேதி, தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காகப் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். துப்பாக்கி, போலீஸ் என்ற இரண்டு சொற்களையும் ஒரே மூச்சில் சொல்லவே பயந்த தலைமுறை நம் தாத்தாக்களுடையது. அந்தப் பயத்தில்தான் ஒரு குடும்பம், பெரியவர் இறந்த பிறகு அவருடைய லைசென்ஸ் துப்பாக்கியை யாரிடமும் சொல்லாமல் கூரைக்கு அடியில் சொருகி வைத்தது. பதினொரு ஆண்டு கழித்து வீட்டை விற்கும்போது வெளியே வந்தது. அவர்களுக்கு வந்த சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும், துப்பாக்கியைப் பார்த்து எனக்கு மனசு விட்டுப்போனது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் செய்த நல்ல வேலை. குழலின் உட்புறம் முழுக்கத் துரு தின்று, அம்மை வடு போலக் குழி குழியாக இருந்தது. என் கடிதத்தில் 'சுட ஏற்றதல்ல, விற்பனை மதிப்பு இல்லை' என்று எழுத வேண்டியதாயிற்று. சொல்லியிருந்தால் துப்பாக்கியும் பிழைத்திருக்கும்.

சரி, வரி. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. மலேசியாவில் இறந்தவர் சொத்துக்கு வரி இன்று கிடையாது. முன்பு இருந்த மரணச் சொத்து வரியை 1991 நவம்பர் 1 முதல் எடுத்துவிட்டார்கள். நில ஆதாய வரி நிலத்துக்கும் வீட்டுக்கும் உரியது, துப்பாக்கிக்கு அல்ல. ஆகவே வருமான வரி வாரியத்துக்கு மதிப்பீட்டுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும் என்ற கவலையை விட்டுவிடுங்கள். அக்காள் சொல்வது அவர் வாழும் நாட்டுக்குப் பொருந்தும். பிரிட்டனில் இறந்தவரின் சொத்து 325,000 பவுண்டைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்குப் பொதுவாக 40 விழுக்காடு வரி. அதனால் அங்கே வெள்ளிக் கரண்டி முதல் துப்பாக்கி வரை எல்லாவற்றுக்கும், இறந்த நாளில் திறந்த சந்தையில் என்ன விலை போகுமோ அதைக் கணக்கில் காட்டச் சொல்வார்கள். ஆனால் அந்த வரி இறந்தவரின் சொத்தைப் பார்த்துப் போடுவது. வாங்கிக்கொள்ளும் பிள்ளை லண்டனில் இருக்கிறார் என்பதற்காக வருவதில்லை. உங்கள் அப்பா அங்கே வாழ்ந்ததும் இல்லை, சொத்து வைத்ததும் இல்லை.

நீங்கள் இன்டர்நெட்டில் படித்ததாகச் சொன்ன 8283-ஆம் எண் படிவம் அமெரிக்காவுடையது. அங்கே ஒருவர் தன் துப்பாக்கியை அருங்காட்சியகத்துக்கோ அறநிறுவனத்துக்கோ கொடுத்துவிட்டு 5,000 டாலருக்கு மேல் வரிக்கழிவு கேட்டால், தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். அதுவும் கொடுப்பதற்கு 60 நாளுக்கு முன்னால் எழுதிய பழைய அறிக்கை செல்லாது. இங்கே நமக்கு அது தேவையில்லை. ஆனால் அந்த விதிகளில் ஒன்றை நாமும் எடுத்துக்கொள்வது நல்லது. மதிப்பீட்டாளரின் கூலி, அவர் சொல்லும் விலையில் இத்தனை விழுக்காடு என்று இருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். விலையை ஏற்றினால் தன் கூலியும் ஏறும் என்றால் யார்தான் நேராகப் பேசுவார்கள்? இங்கே வரும் ஆபத்து அதற்கு நேர்மாறானது, அதைப் பிறகு சொல்கிறேன்.

வரி இல்லை என்றால் வக்கீல் ஏன் விலை கேட்கிறார்? பங்கு பிரிப்பதற்காக. நில அலுவலகத்தில் சிறு சொத்துகளைப் பங்கிடும் பூசாக்கா பிரிவுக்குப் போனாலும், அரசின் சொத்து நிர்வாக நிறுவனமான அமானா ராயாவுக்குப் போனாலும், உயர் நீதிமன்றத்துக்குப் போனாலும், இறந்தவர் விட்டுச்சென்றவை என்னென்ன, ஒவ்வொன்றும் எவ்வளவு பெறும் என்று ஒரு பட்டியல் கொடுத்தாக வேண்டும். துப்பாக்கியும் அதில் ஒரு வரி. உங்களைப் போன்ற முஸ்லிம் அல்லாத குடும்பத்துக்கு, உயில் இல்லாதபோது, 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் வழி சொல்கிறது. மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. இறந்தவரின் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தால் கணக்கு மாறும். மனைவிக்கு நாலில் ஒன்று, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்கு நாலில் ஒன்று. உங்கள் தாத்தா பாட்டி இல்லை என்று வைத்துக்கொள்வோம். பேச்சுக்குத் துப்பாக்கி 1,800 வெள்ளி என்றால், அம்மாவுக்கு 600, உங்கள் மூவருக்கும் ஆளுக்கு 400. அண்ணன் துப்பாக்கியை எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டால், தன் 400 போக மீதி 1,400 வெள்ளிக்கு அவர் மற்றவர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அதையே 500 என்று பட்டியலில் எழுதிவிட்டால் அம்மாவுக்கு வருவது 167 வெள்ளிகூட இல்லை. அண்ணன் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அப்பாவின் பொருள் மேல் இருக்கும் பாசத்தில் விலையைக் குறைத்துச் சொல்லும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். யார் வாங்கிக்கொள்ள விரும்புகிறாரோ அவர் விலை சொல்லாமல் இருந்தால் குடும்பத்தில் பேச்சுவார்த்தை நிற்காமல் இருக்கும்.

இதே காரணத்துக்காகத்தான் கடைக்காரரிடமும் கவனம் வேண்டும் என்கிறேன். நம் நாட்டில் துப்பாக்கிக்கென்று தனியாக ஒரு மதிப்பீட்டுத் தொழில் வளரவில்லை. வீட்டுக்கு விலை போட வரும் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் துப்பாக்கியைத் தொட மாட்டார், அது அவர் படிப்பும் இல்லை. ஆகவே நடைமுறையில் விலை சொல்பவர் உரிமம் பெற்ற ஆயுத வியாபாரிதான். அவரே வாங்குபவராகவும் இருப்பதில்தான் சங்கடம். 'நான் இதற்கு இவ்வளவு தருவேன்' என்பது ஒரு விலை. 'லைசென்ஸ் உள்ள ஒருவருக்கு இது இவ்வளவுக்கு விற்கும்' என்பது வேறு விலை. 'இதே மாதிரி இன்னொன்று வாங்க இவ்வளவு ஆகும்' என்பது இன்ஷூரன்ஸுக்கான மூன்றாவது விலை. முதலாவது எப்போதும் குறைவு, மூன்றாவது எப்போதும் அதிகம். பங்கு பிரிப்பதற்கு நடுவில் உள்ளதுதான் நியாயம். கடைக்காரரிடம் கேட்கும்போது, எந்த விலை வேண்டும் என்று நீங்களே தெளிவாகச் சொல்லி, பார்ப்பதற்குக் கட்டணம் எவ்வளவு என்று தனியாகக் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். இலவசமாக விலை சொல்கிறேன் என்பவர் அந்தச் செலவை வாங்கும்போது எடுத்துக்கொள்வார். கூடுமானால் ஒருவரிடம் விலைக் கடிதம் வாங்கி வேறொருவரிடம் விற்பது நல்லது. சின்ன ஊர்களில் அது எப்போதும் நடக்காது. அப்படி நடக்காதபோது இரண்டு கடிதங்களாவது வாங்குங்கள்.

இனி துப்பாக்கிக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய படத்தில் பூட்டுப் பகுதியின் பக்கவாட்டில் ஆங்கிலேயப் பெயர் ஒன்று பொறித்திருப்பது தெரிகிறது. அதை வைத்து நான் விலை சொல்ல மாட்டேன். ஏன் என்பதற்கு என் தவறு ஒன்றையே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு ஆண்டு இருக்கும், 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' என்று பொறித்த ஒரு இரட்டைக் குழலைப் பார்த்து, பேர்பெற்ற ஆங்கிலேயத் துப்பாக்கிக் கம்பெனியான வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் குடும்பத்தோடு சேர்ந்தது என்று நினைத்து வாய்மொழியாக ஒரு பெரிய விலை சொல்லிவிட்டேன். அந்த வீட்டில் அதை நம்பிப் பங்கு பேசிவிட்டார்கள். பிறகு முதலாளி குழலைக் கழற்றி அடியில் பார்த்தார். முட்டை வடிவக் கோட்டுக்குள் 'ஈ.எல்.ஜி.' என்ற எழுத்துகள். பெல்ஜியத்தில் லியேஜ் நகரச் சோதனைச்சாலையின் முத்திரை அது. ஆங்கிலப் பெயர் மாதிரி ஒலிக்கும் பெயரைப் போட்டு மலிவாகச் செய்து உலகம் முழுக்க அனுப்பிய சரக்கு. நான் சொன்னதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. அந்தக் குடும்பத்தின் அண்ணன் தம்பி பேச்சை நிறுத்திக்கொண்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அன்று முதல் குழலைக் கழற்றிப் பார்க்காமல் எந்த எண்ணையும் நான் சொல்வதில்லை.

குழலைக் கழற்றினால் என்ன தெரியும்? துப்பாக்கியின் உடம்போடு பொருந்தி உட்காரும் தட்டையான அடிப்பக்கத்தில் அதன் ஜாதகமே இருக்கும். பிரிட்டனில் விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு குழலையும் அதிக வெடிமருந்து வைத்துச் சுட்டுச் சோதித்து முத்திரை குத்த வேண்டும் என்பது சட்டம். லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் அதற்கென்று சோதனைச்சாலைகள் உண்டு, பர்மிங்ஹாமில் உள்ளது 1813-இல் தொடங்கியது. கிரீடத்துக்குக் கீழே 'பி.என்.பி.' என்று இருந்தால் பர்மிங்ஹாமில் 1950-களின் நடுவிலோ அதற்குப் பிறகோ புகையில்லா மருந்துக்குச் சோதித்தது. ஒரு குழலில் 'நாட் ஃபார் பால்' (ஒற்றைக் குண்டுக்கு ஏற்றதல்ல) என்று குத்தியிருந்தால் அது 1875-க்கும் 1887-க்கும் இடைப்பட்டது, கருமருந்துக் காலத்துப் பொருள். அப்பேர்ப்பட்டதில் இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுட்டால் கையே போகலாம். பெரும்பாலும் 12 என்ற எண்ணும் இருக்கும். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாகப் பிரித்தால் ஒரு உருண்டை எவ்வளவு அகலமோ அதுதான் குழலின் அகலம், சுமார் 18.5 மில்லிமீட்டர். இந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக் கொடுத்த பெரியவர், ஈயக்குண்டை என் உள்ளங்கையில் வைத்துத்தான் சொல்லிக் கொடுத்தார்.

தோட்டா உட்காரும் அறையின் நீளமும் முக்கியம். பழைய ஆங்கிலேய வேட்டைத் துப்பாக்கிகள் பலவற்றில் அது இரண்டரை அங்குலம். இன்று கடையில் எளிதாகக் கிடைப்பது இரண்டே முக்கால் அங்குலத் தோட்டா. உள்ளே போகும், மூடும், ஆனால் வெடிக்கும்போது வாய் விரிய இடம் இருக்காது, அழுத்தம் ஏறிவிடும். இப்படிப்பட்ட துப்பாக்கியை இங்கே வாங்க நினைப்பவர் குறைவு, விலையும் குறையும். அடுத்தது குழல் சுவரின் தடிமன். துருவை எடுக்க உள்ளே பலமுறை கடைந்திருப்பார்கள். ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, அதாவது சுமார் அரை மில்லிமீட்டர், அதற்குக் கீழே போனால் தொழில் தெரிந்தவர்கள் கையை எடுத்துவிடுவார்கள். இதை அளக்கக் கருவி வேண்டும், கண்ணால் தெரியாது. அப்புறம் குழலைத் தனியே ஒரு விரலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டிப் பார்ப்போம். இரண்டு குழலையும் சேர்க்கும் பட்டை உறுதியாக இருந்தால் கோயில் மணி அடங்குவது போல நீளமாக ஒலிக்கும். பற்று விட்டிருந்தால் உடைந்த சட்டியைத் தட்டிய சத்தம். மூடும் இடத்தில் விளக்கைப் பிடித்தால் வெளிச்சம் தெரிகிறதா, கைப்பிடிக் கட்டை கழுத்தில் விரிசல் உண்டா, குழல், உடம்பு, முன்கட்டை மூன்றிலும் தொடர் எண் ஒன்றேதானா என்று பார்க்க வேண்டும். எண் ஒத்துப்போகாவிட்டால் விலை மட்டுமல்ல, லைசென்ஸில் உள்ள எண்ணோடும் பிரச்சினை வரும்.

இவை எல்லாம் பார்த்துச் சொல்லக்கூடிய உறுதியான விஷயங்கள். உறுதியில்லாதவையும் உண்டு. 'இது வெள்ளைக்காரத் துரை போகும்போது அப்பாவுக்குக் கொடுத்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன், தோட்டங்களில் அப்படி நடந்ததுண்டு. ஆனால் துரை கையெழுத்திட்ட ஒரு கடிதமோ, பெயர் மாற்றிய பழைய லைசென்ஸோ இல்லாமல் அந்தக் கதைக்கு விலையில் ஒரு காசும் சேர்க்க முடியாது. பழைய தாள்களைத் தேடிப் பாருங்கள். தயாரித்த ஆண்டும் அப்படித்தான். சில கம்பெனிகளின் பழைய பேரேடுகள் இன்னும் இருக்கின்றன, தொடர் எண்ணைக் கொடுத்தால் எந்த ஆண்டு, யாருக்குச் செய்தது என்று கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்வார்கள். உயர்ந்த வேலைப்பாடு உள்ள துப்பாக்கிக்கு அந்தச் செலவு தகும். பன்றி விரட்ட வாங்கிய சாதாரண ஒன்றுக்குத் தகாது.

அக்காள் சொன்ன பல ஆயிரம் பற்றி ஒரு வார்த்தை. லண்டன் ஏலத்தில் ஒரு துப்பாக்கி போன விலையைக் கம்ப்யூட்டரில் பார்த்து இங்கே போடக் கூடாது. அங்கே வாங்க ஆயிரம் பேர் இருப்பார்கள். இங்கே வாங்குபவர் கையில் லைசென்ஸ் இருக்க வேண்டும், அதை மாநிலப் போலீஸ் தலைவர் கொடுக்க வேண்டும். ஈப்போ, தைப்பிங், கோலகங்சார் வட்டாரம் முழுக்கச் சேர்த்தாலும், உங்கள் அப்பாவின் துப்பாக்கியை வாங்கக்கூடியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பொருள் அதேதான், ஆனால் சந்தை குறுகியது. இங்கிருந்து ஏலத்துக்கு அனுப்ப நினைத்தால் இரண்டு நாட்டு அனுமதியும், அனுப்பும் கூலியும், ஏலக்காரர் கழிவும் சேரும். நான் பார்த்ததில் அந்தக் கணக்கு சரிப்பட்டு வந்தது மிகவும் அரிய வேலைப்பாடு உள்ள ஒரு துப்பாக்கிக்கு மட்டும்தான். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மிகப் பழைய துப்பாக்கிகளை அலங்காரப் பொருளாக லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ள வழி உண்டு. அதைப் படித்துவிட்டு இங்கே சுவரில் மாட்டலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். கடையில் வைத்தால் மாதா மாதம் பாதுகாப்புக் கட்டணம் ஏறும். பூசாக்கா வழக்கு ஆண்டுக் கணக்கில் இழுத்தால், சாதாரணத் துப்பாக்கியின் விலையை அந்தக் கட்டணமே தின்றுவிடும். அண்ணன் உண்மையிலேயே அதை வைத்துக்கொள்ள விரும்பினால், இப்போதே தன் பெயரில் லைசென்ஸுக்கு மனுப் போடட்டும். செம்பனைத் தோட்டமோ பழத்தோட்டமோ வைத்திருந்து பன்றியும் குரங்கும் நாசம் செய்வதைக் காட்ட முடிந்தால் அவர் மனுவுக்கு ஒரு காரணம் இருக்கும். அப்பாவின் நினைவாக என்பது மட்டும் காரணமாக நிற்பது கஷ்டம். கிடைக்காது என்று தெரிந்துவிட்டால், சொத்தை நிர்வகிக்க நியமிக்கப்படுபவர் கையெழுத்துப் போட்டு, போலீஸ் சம்மதத்தோடு கடைக்கோ லைசென்ஸ் உள்ளவருக்கோ விற்றுப் பணத்தைப் பங்கில் சேர்க்கலாம். யாரும் வாங்காத நிலை என்றால் போலீசிடமே முழுவதுமாக ஒப்படைத்துவிட்டு, பட்டியலில் மதிப்பு இல்லை என்று காரணத்தோடு எழுதலாம். அதற்கும் ஒரு விலைக் கடிதம் கையில் இருப்பது நல்லது. பிறகு ஒருநாள் 'பத்தாயிரம் பெறும் பொருளைச் சும்மா கொடுத்துவிட்டாய்' என்று யாராவது கேட்டால் காட்ட ஒரு தாள் வேண்டும்.

அந்தக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்று வக்கீலும் கேட்பார். கடையின் பெயர், வியாபார உரிம எண், அப்பாவின் பெயர், லைசென்ஸ் எண், துப்பாக்கி எங்கே வைத்து என்றைக்குப் பார்க்கப்பட்டது, துப்பாக்கியைச் செய்தவர் பெயர், முத்திரைகள், தொடர் எண், குழல் நீளம், அறை நீளம், குறைகள், எந்த வகை விலை, எந்தத் தேதிக்கான விலை, இவ்வளவும் வேண்டும். தேதியை வக்கீலிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், இறந்த நாளா மனுப் போடும் நாளா என்று அவர் சொல்வார். 'இது வாங்கும் விலை அல்ல' என்று ஒரு வரியும் இருக்கட்டும். துப்பாக்கி போலீஸ் நிலையத்தில் இருந்தால், கடைக்காரர் அங்கே வந்து பார்க்க அனுமதி கேட்டு ஒரு கடிதம் கொடுங்கள். நானே இரண்டு மூன்று முறை அப்படிப் போய், சார்ஜன்ட் பக்கத்தில் நிற்க, மேசையில் துணி விரித்துப் பார்த்திருக்கிறேன். தோட்டாவுக்கு விலை போட வேண்டியதில்லை. பழைய தோட்டாவை யாரும் வாங்கக் கூடாது, துப்பாக்கியோடு சேர்த்து எண்ணிக் கொடுத்துவிடுங்கள்.

படத்தில் அலமாரியின் மேல் தட்டில் ஒரு தோல் பெட்டியும் மூங்கில் கூடையில் பித்தளைத் தலை வைத்த, குழல் துடைக்கும் கம்பியும் தெரிகின்றன. அவை ஆயுதம் இல்லை. ஒப்படைக்கும்போது அவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். பெட்டி மூடியின் உள்பக்கம் கடைக்காரர் ஒட்டிய காகிதம் இருந்தால் அதைப் படம் எடுத்து விலை போடுபவரிடம் காட்டுங்கள், துப்பாக்கி யார் கை மாறி வந்தது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. அந்தப் பெட்டியையும் கம்பியையும் அண்ணனிடம் கொடுங்கள். அப்பாவின் கை பட்டவை, லைசென்ஸ் கேட்காதவை.